டெர்மினலில் ஒரே வரியில் நெட்லிஸ்ட்: யோசிஸ் முதல் பாடம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகள் பலரிடம் இருப்பது பழைய லேப்டாப்தான். சிப் கம்பெனிகள் தரும் பெரிய மென்பொருள் அதில் திணறும். எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப், கற்க அது கட்டாயமில்லை. நாம் எழுதும் சர்க்யூட் விவரத்தைச் சிப்புக்கான நெட்லிஸ்டாக (உறுப்புகள், இணைப்புகளின் பட்டியலாக) மாற்றும் யோசிஸ் இலவசம், அளவிலும் சிறியது. உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் யோசிஸ்' என்று அடித்தால் வந்துவிடும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தானால் சில ஆப்ஷன்களின் பொருளே மாறிவிடும்.

முதலில் பிளிங்க்.வி என்ற வெரிலாக் (சர்க்யூட்டை விவரிக்கும் மொழி) ஃபைல் ஒன்று வேண்டும். அதில் பிளிங்க் என்ற மாட்யூல் (சர்க்யூட்டின் ஒரு பகுதி), உள்ளே கிளாக் துடிப்புகளை எண்ணும் 24 பிட் கவுண்டர், அதன் உச்ச பிட் எல்இடிக்குப் போகிறது. நாம் பயன்படுத்தும், ஐஸ்40 எஃப்பிஜிஏ உள்ள ஐஸ்ஸ்டிக் போர்டின் கிளாக் 12 மெகாஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு சுமார் 1.4 வினாடிக்கு ஒருமுறை மினுக்கும். அப்புறம் இந்த வரி:

யோசிஸ் -எல் பிளிங்க்.லாக் -பி "சிந்த்_ஐஸ்40 -டாப் பிளிங்க் -ஜேசன் பிளிங்க்.ஜேசன்" பிளிங்க்.வி

'-பி'க்குப் பின்னால் மேற்கோள் குறிக்குள் இருப்பது யோசிஸ் செய்யவேண்டிய வேலை. 'சிந்த்_ஐஸ்40' என்பது ஐஸ்40 சிப்புக்கான நெட்லிஸ்ட் உருவாக்கும் கட்டளை. '-டாப்' எந்த மாட்யூல் தலைமை என்று சொல்கிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மாட்யூல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். '-ஜேசன்' நெட்லிஸ்ட் எந்த ஃபைலில் போகவேண்டும் என்பது. '-எல்' நடந்ததையெல்லாம் லாக் ஃபைலில் எழுதிவைக்கும். திரையில் ஓடுவது தொந்தரவாக இருந்தால் '-க்யூ' சேருங்கள். எச்சரிக்கையும் பிழையும் மட்டும் திரைக்கு வரும், லாக் முழுதாக இருக்கும்.

சரி, லாக்கின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். இதைப் பார்க்காமல் யாரும் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெட்லிஸ்ட் என்பது சிப்பில் உண்மையாகவே இருக்கும் உறுப்புகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும்தான். அந்த உறுப்புகளின் கணக்கு அங்கே இருக்கும். எஸ்பி_டிஎஃப்எஃப் 24 என்று வந்தால் கவுண்டரின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் உறுப்பு) கிடைத்திருக்கிறது. எஸ்பி_எல்யுடி4, எஸ்பி_கேரி இரண்டும் கூட்டல் வேலைக்கு. ஒன்றுமே இல்லையென்றால் எல்இடி இணைப்பு விட்டுப்போயிருக்கும். வெளியே எட்டாத சர்க்யூட்டை யோசிஸ் சத்தமில்லாமல் நீக்கிவிடும், பிழை என்றும் சொல்லாது.

டிசைன் வளர்ந்ததும் '-நோஃப்ளாட்டன்' தேவைப்படும். நம் ஊர் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பிரிந்திருப்பதுபோல மாட்யூலுக்குள் மாட்யூல் இருக்கும். வழக்கமாக இந்த ஐஸ்40 கட்டளை சுவர்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். இந்த ஆப்ஷன் போட்டால் பிரிவுகள் அப்படியே நிற்கும், எந்த மாட்யூல் எவ்வளவு இடம் தின்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். ஆனால் எல்லை தாண்டிச் சுருக்க முடியாததால் உறுப்புகள் கூடலாம். ஆராயும்போது மட்டும் போடுங்கள்.

நெட்லிஸ்டை வேறு வடிவில் எழுதி வேறு கருவிக்கு அனுப்ப '-ஈடிஃப்', '-பிளிஃப்' உண்டு. முழுப் பட்டியல் வேண்டுமானால்:

யோசிஸ் -பி "ஹெல்ப் சிந்த்_ஐஸ்40"

நெட்லிஸ்ட் கையில் வந்ததும் அதைச் சிப்பில் இடம்பார்த்து வைப்பது நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற இன்னொரு கருவி:

நெக்ஸ்ட்பிஎன்ஆர்-ஐஸ்40 --ஹெச்எக்ஸ்1கே --பேக்கேஜ் டிக்யூ144 --ஜேசன் பிளிங்க்.ஜேசன் --பிசிஎஃப் பிளிங்க்.பிசிஎஃப் --ஏஎஸ்சி பிளிங்க்.ஏஎஸ்சி

பிசிஎஃப் ஃபைல் எந்த போர்ட் சிப்பின் எந்தக் காலுக்குப் போகிறது என்று சொல்வது. அதில் எழுதும் சிக்னல் பெயர்களும் வெரிலாக்கில் உள்ள போர்ட் பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.