சிறு நிறுவனத்துக்கு மென்பொருள் உருவாக்குநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நெகிழ்வான நேர்காணலுக்கு ஒரு செய்முறை

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துபவர், பெங்களூருப் பெருநிறுவனங்களின் நேர்காணல் முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் நல்ல ஆட்கள் பலரை இழப்பார். அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் அண்மையில் படித்து முடித்தவர், பெற்றோரை முன்னிட்டுச் சென்னையிலிருந்து ஊர் திரும்ப நினைப்பவர், குழந்தை பிறந்தபின் விட்ட வேலைக்கு மீண்டும் வர விரும்புபவர் ஆகிய மூவரின் திறமையும் ஒரே வகையில் வெளிப்படுவதில்லை. ஆகவே மதிப்பிடும் அளவுகோலை மாற்றாமல், திறமையைக் காட்டும் வழியை மட்டும் விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

முதல் படி: அளவுகோலை எழுதுங்கள்

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே, சேரப்போகிறவர் முதல் மூன்று மாதங்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, அவற்றிலிருந்து நான்கு தகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டுத் தெளிவு பெறுதல், பிறர் படித்துப் புரிந்துகொள்ளும்படி நிரல் எழுதுதல், பிழையின் காரணத்தைத் தேடிக் கண்டறிதல், செய்ததை விளக்குதல் என்பவை பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் வைத்து, எந்தப் பதிலுக்கு எத்தனை என்பதையும் குறித்துவிடுங்கள். பணித்தேர்வு முறைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துச் உளவியலாளர் பால் சாக்கெட்டின் குழுவினர் 2022-இல் மறுபடி கணக்கிட்டபோது, வேலைத்திறனை முன்கூட்டியே காட்டுவதில் இவ்வாறு கட்டமைத்த நேர்காணலே முதலிடம் பெற்றது. மனம்போனபடி பேசிப் பார்த்து முடிவெடுப்பது நெகிழ்வு ஆகாது.

இரண்டாம் படி: மூன்று வழிகளை முன்வையுங்கள்

அழைப்புக் கடிதத்திலேயே மூன்று வழிகளையும் விளக்கி, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். முதலாவது, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடிய சிறு பணி. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கையிலும் இருப்பதால், மறுநாள் அரை மணி நேரம் அந்த நிரலை விளக்கச் சொல்லி, ஒரு மாற்றத்தையும் அங்கேயே செய்யச் சொல்வது கட்டாயம். இரண்டாவது, விண்ணப்பதாரர் தாம் முன்பே எழுதிய நிரலைத் திறந்து காட்டிப் பேசுவது; பழைய நிறுவனத்தின் நிரலைக் காட்டக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, உங்கள் ஊழியர் ஒருவருடன் ஒரு மணி நேரம் சேர்ந்து வேலை செய்வது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) சேர்ந்தவனைப் பக்கத்தில் வைத்து வேலை பார்க்கவிட்டுத்தான் அடுத்தாளாக (கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலை ஆளாக) உயர்த்தினார்கள். அதன் சிறு வடிவம் என்று இதைச் சொல்லலாம். மூன்றில் என் விருப்பம் இதுவே.

மூன்றாம் படி: கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

புதிர்க் கேள்விகளைத் தவிருங்கள். அவற்றால் பயனில்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, நம் ஊரில் அனைவருக்கும் புரியும் ஒரு சிக்கலைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, "10 அடிக்கு 12 அடி அறைக்கு, 10 அங்குலச் சதுர ஆத்தங்குடித் தரைக்கல் எத்தனை வேண்டும் என்று கணக்கிடும் நிரலை எழுதுங்கள்" என்று கேட்கலாம்.

பரப்பளவை வகுத்துப் பார்ப்பவருக்கு 172.8 வரும்; 173 என்று சொல்வார். வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர், 12 கல் கொண்ட 14 வரிசைகளுக்கு 168 கல் போக, 4 அங்குல இடைவெளி மிஞ்சுவதைக் காண்பார். ஒரு கல்லை வெட்டினால் 4 அங்குலத் துண்டுகள் இரண்டு கிடைக்கும் என்பதால், அவருடைய விடை 174. ஆனால் பூவேலை உள்ள கல்லில் இரண்டாம் துண்டு கோலத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது 180 வேண்டும். உடைசலுக்கு எத்தனை கூடுதலாக வாங்குவது என்ற கேள்வி அதற்கும் பிறகு. மூன்று விடைகளில் எது வந்தது என்பதைவிட, "வெட்டிய மிச்சத்தைப் பயன்படுத்தலாமா?" என்று விண்ணப்பதாரர் உங்களைக் கேட்டாரா என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளரிடமும் அவர் இப்படித்தான் கேட்பார்.

நான்காம் படி: அறையில் பதற்றத்தைக் குறையுங்கள்

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 48 பேரில் ஒரு பகுதியினர் தனி அறையிலும், மற்றவர்கள் தேர்வாளர் முன்னிலையிலும் பலகையில் சிக்கலைத் தீர்த்தனர். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே சரிந்தது. ஆகவே கேள்வியைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் வெளியே போய்விடுங்கள். அவருடைய சொந்த லேப்டாப்பையே பயன்படுத்தவிடுங்கள். விளக்கத்தைத் தமிழில் சொல்லலாம் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருடன் பேச வேண்டிய பணியானால் மட்டும் ஆங்கிலத்தைத் தனியாகச் சோதித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மதிப்பெண் போட்டுப் பதில் சொல்லுங்கள்

தேர்வாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன், தனித்தனியே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் முதலாளியின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். எந்த வழியில் வந்தவருக்கும் அதே நான்கு தகுதிகள்தான். ஒரு வாரத்துக்குள் அனைவருக்கும் பதில் அனுப்புங்கள். தேர்வாகாதவருக்கு எந்தத் தகுதியில் குறைந்தது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். தேர்வானவர் இப்போது வேறு நிறுவனத்தில் இருந்தால், அங்கே நோட்டீஸ் பீரியட் 90 நாள் வரை இருக்கக்கூடும் என்பதால், சேரும் தேதியை அதைக் கேட்டபிறகே முடிவு செய்யுங்கள்.