பழைய வெள்ளி, டர்க்காய்ஸ் நகைகள்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் வாழும் நவஹோ, சூனி மக்கள் கையால் செய்த பழைய வெள்ளி நகைகளுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. அவற்றில் பதித்திருக்கும் நீலக் கல்தான் டர்க்காய்ஸ். வடநாட்டில் அதை ஃபிரோஸா என்பார்கள். இந்த நகைகளைப் போலி என்று தெரியாமல் வாங்கி ஏமாறுவதைப் போலவே, அசலை வாங்கி வந்து வீட்டில் கெடுத்துவிடுவதும் நடக்கிறது.

முதல் தவறு, பளபளப்பாக்குவது. பழைய நவஹோ காப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அச்சுளியால் அடித்த கோடுகளின் பள்ளங்கள் கறுத்தும் மேடுகள் மின்னியும் இருக்கும்; அந்தக் கறுப்புதான் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறது. வெள்ளி துலக்கும் திரவத்தில் முக்கி எடுத்தால் கறுப்பு போய், காப்பு வெறும் தகடாகத் தெரியும். திரவத்தில் உள்ள அமிலம் கல்லின் மெருகையும் அரித்துவிடும். குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளியையோ எலுமிச்சையையோ விபூதியையோ இதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். உலர்ந்த மென்துணியால் மேடுகளை மட்டும் துடைத்தால் போதும்.

தண்ணீரில் ஊறவைப்பது இன்னும் மோசம். பழைய நகைகள் பலவற்றில் கல்லை உயர்த்தி நிறுத்துவதற்காக அடியில் மரத்தூளை வைத்திருப்பார்கள். அது ஈரத்தில் ஊதினால், கல்லைச் சுற்றிப் பிடித்திருக்கும் மெல்லிய வெள்ளி விளிம்பு நெகிழ்ந்து கல் தள்ளிக்கொண்டு வரும். திரவத்தில் போட்டு அதிரவைக்கும் மீயொலிக் (அல்ட்ராசோனிக்) கருவியில் சுத்தம் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நீலம் பச்சையாக மாறிவிட்டது என்று கலங்குவதும் தேவையற்றது. டர்க்காய்ஸ் என்பது தாமிரமும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட் கனிமம். நுண்துளைகள் உள்ளதால் உடல் எண்ணெயையும் நறுமணப் பூச்சையும் உறிஞ்சி, ஆண்டுக்கணக்கில் பச்சை ஏறும். என்னைக் கேட்டால், அந்தப் பச்சையே நகையை யாரோ ஆசையாக அணிந்ததற்குச் சான்று. பிசின் ஏற்றிப் பதப்படுத்திய கல் அவ்வளவு எளிதில் நிறம் மாறுவதில்லை. கல் அசலா என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்துபவர்களும் உண்டு. அசலோ போலியோ, தழும்பு என்றைக்கும் நிற்கும். சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல் என்றால், கல் சிதைந்த ஓரத்தில் உள்ளே வெள்ளை தெரிவதை உருப்பெருக்கியில் பார்த்தே சொல்லிவிடலாம்.

முத்திரை இல்லாததால் போலி என்று ஒதுக்குவதும் பிழைதான். ஆரம்பகாலத்து நவஹோ கைவினைஞர்கள் அமெரிக்க, மெக்சிகோ நாணயங்களை உருக்கி வேலை செய்தார்கள். அன்றைய அமெரிக்க வெள்ளி நாணயத்தில் வெள்ளி 90 சதவீதம், ஸ்டெர்லிங் என்ற தர வெள்ளியில் 92.5 சதவீதம். அன்று பெயர் பொறிக்கும் வழக்கமும் அரிது. மறுபுறம், நகையில் பொறித்த 925 என்ற எண் உலோகத்தைப் பற்றி மட்டுமே பேசும்; யார் செய்தார் என்று சொல்லாது. பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்பதால், செய்தவர் பெயரையும் இனத்தையும் ரசீதில் எழுதித் தரக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

'பழைய அடகு நகை' என்ற சொல்லுக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நவஹோ குடும்பங்கள் வணிகக் கடைகளில் நகையை அடகு வைத்துப் பொருள் வாங்கியதும், மீட்காத நகை நம்மூரைப் போலவே மூழ்கிப்போனதும் உண்மை. ஆனால் இன்று கறுத்த நகை எதற்கும் அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். சுரங்கப் பெயரும் அப்படியே. அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் டர்க்காய்ஸ் எடுப்பது 2012இல் நின்ற பிறகு, கோடுகள் ஓடாத நீலக் கல்லையெல்லாம் அங்கிருந்து வந்ததாகச் சொல்ல ஆசை வந்துவிடுகிறது.

காப்பை அணியும்போது இரு முனைகளையும் விரிக்காதீர்கள். வளைக்க வளைக்க வெள்ளி இறுகி, ஒருநாள் விரிசல் விடும். மணிக்கட்டின் மெல்லிய பக்கவாட்டில் இடைவெளியை வைத்துத் திருப்பி ஏற்ற வேண்டும். கல் கழன்றால் உடனடிப் பசையால் ஒட்டாமல், கல்லையும் உதிர்ந்த தூளையும் சிறு டப்பாவில் போட்டு, பழைய வேலை தெரிந்த தட்டாரிடம் கொடுங்கள்.