இணையக் கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஆர்டர் போகும் வழியில் பணம் எங்கே கசிகிறது?

சேலம் பக்கம் இளம்பிள்ளைக்குப் போனால் தறிச் சத்தத்தோடு பார்சல் டேப் கிழிக்கும் சத்தமும் இப்போது சேர்ந்தே கேட்கும். அந்த வட்டாரச் சேலை வியாபாரிகளுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது பேனர் எப்படி வரும், லோகோ எந்த நிறம் என்பதைத்தான். ஆர்டர் விழுந்ததிலிருந்து சேலை வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் பார்த்த நஷ்டங்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் நடந்தன.

முதலில் பணம் வரும் இடம். ஒரு அம்மா 1,850 ரூபாய்ச் சேலைக்கு யுபிஐயில் பணம் கட்டுகிறார். கட்டி முடித்ததும் அவருடைய போன் திரும்ப நம் கடைப் பக்கத்துக்கு வரும், வந்தவுடன் ஆர்டர் பதிவாகும். பல கடைகளில் இந்த ஒரு வழியை மட்டும் நம்பி நிரல் எழுதிவிடுகிறார்கள். நிஜத்தில் அந்த அம்மா பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பின் நம்பரைப் போடுவார், பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிடுவார். அல்லது அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விடும். அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், அதை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் இடைநிறுவனமான பேமென்ட் கேட்வேயிலும் வந்திருக்கும், கடையில் மட்டும் ஆர்டரே இருக்காது. மூன்று நாள் கழித்து, "அக்கா, பணம் கட்டிட்டேன், சேலை இன்னும் வரலையே" என்று போன் வரும்போது கடைக்காரர் திணறுவார். வாங்குபவர் பார்வையில் அது மோசடி. ஒரு முறை அப்படி நினைத்தவர் திரும்பி வரமாட்டார்.

இதற்கான வழி வெப்ஹுக். கேட்வேயின் சர்வரே நம் சர்வரை, அதாவது கடைத் தளம் ஓடும் கணினியை, நேரடியாகத் தொடர்புகொண்டு, இந்த ஆர்டருக்கு இவ்வளவு பணம் வந்தது என்று சொல்லிவிடும். வாங்கியவரின் போன் அணைந்து கிடந்தாலும் தகவல் வந்து சேரும். அதை அமைக்கும்போதும் மூன்று விஷயங்களை விட்டுவிடக் கூடாது. தகவல் உண்மையாகவே கேட்வேயிலிருந்து வந்ததா என்று அதனுடன் வரும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். வந்த தொகையும் ஆர்டர் தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதில்தான் நானே ஒரு முறை தவறினேன். நம் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் கேட்வே அதே தகவலை மறுபடி அனுப்பும். அதை நான் கவனிக்காமல் விட்டதால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகி, இரண்டு சேலைகள் போய்விட்டன. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் கேட்வே தரும் தனி எண்ணுக்கு (பேமென்ட் ஐடி) ஒரு ஆர்டர்தான் என்று நிரலில் கட்டாயமாக்கிவிட்டால் இது நடக்காது.

வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். பணம் அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் வந்ததும் பார்சல் கட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் போலியாகச் செய்வது மிகச் சுலபம். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே சேலையை மடியுங்கள். இன்னொன்று, பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ரீஃபண்ட் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்று யாராவது சொன்னால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

அடுத்தது ஸ்டாக். பிரவுசரும் இணையதளமும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் அதற்குப் புது ஆள் வந்த மாதிரி. கூடையில் போட்ட பொருள் நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி 1994இல், பிரவுசரில் தளம் வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பான குக்கீயைக் கொண்டுவந்தார். ஆனால் கூடையில் போட்டதால் மட்டும் கடையின் ஸ்டாக்கில் ஒன்று குறைந்துவிடாது. கைத்தறிச் சேலை பெரும்பாலும் ஒரு டிசைனில் ஒன்றே ஒன்று இருக்கும். அதை இரண்டு பேர் கூடையில் வைத்திருந்து இருவரும் பணம் கட்டிவிட்டால் யாருக்குக் கொடுப்பது? பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் அந்தச் சேலையைப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்து வைக்கும்படி அமைத்துவிடுங்கள். பணம் வராவிட்டால் அது திரும்ப விற்பனைக்கு வந்துவிடும். அதே சேலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டிருந்தால், அங்கே விற்றவுடன் தளத்திலும் எடுத்துவிட வேண்டும். இதைச் செய்ய வீட்டில் ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிடுவது நல்லது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஒரு பக்கத்தில் இருபது படம் என்றால் 100 எம்பி, அது திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 200 கேபிக்குள் சுருக்கினால் ஜரிகை தெளிவாகவே தெரியும். நிறம் ஒவ்வொரு போன் திரையிலும் ஒவ்வொரு மாதிரி காட்டும், ரிட்டர்ன் வருவதற்கு இது பெரிய காரணம். அதனால் அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று நிறத்தை எழுத்திலும் எழுதுங்கள். அதைப் படத்துக்குள் எழுதாமல் பக்கத்தில் எழுத்தாகவே தட்டினால் தேடுபொறிக்கும் எளிதாகப் புரியும்.

கொரியர் கணக்கில் பலர் ஏமாறுவது பெட்டியின் அளவில். எடையை மட்டும் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40க்கு 30க்கு 10 பெட்டி என்றால் 2.4 கிலோ. உள்ளே இருப்பது 800 கிராம் சேலை. அழகான பெட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை, அளவாக வாங்குங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சலுக்குப் போக, வர இரண்டு கட்டணமும் நம் தலையில்தான் விழும். அனுப்புமுன் ஒரு போன் போட்டு உறுதி செய்வது, 100 ரூபாய் முன்பணம் வாங்குவது இரண்டும் கைகொடுக்கும்.

டொமைன், அதாவது உங்கள் கடையின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையின் டொமைனை, தளம் செய்தவர் தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவருக்கே போயின, அவரோ வேறு வேலைக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கடை திறக்கவில்லை. "தம்பி, வாசல்ல பூட்டு தொங்குற மாதிரி இருக்கு" என்று அந்த அண்ணன் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. டாட் காம் பெயர் காலாவதியாகி மீட்புக் காலத்துக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பெற 30 நாட்கள்தான், அதற்கும் கூடுதல் கட்டணம் உண்டு.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளையும் மறக்க வேண்டாம். குறைதீர்ப்பவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். வாடிக்கையாளரின் சம்மதப் பெட்டியில் நாமே டிக் போட்டு வைக்கக் கூடாது. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி கணக்கு மாறும் என்பதால் முதல் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கடையைத் திறக்குமுன் நான் எல்லோரையும் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். வைஃபையை அணைத்துவிட்டு, சொந்தப் போனில், சொந்தப் பணத்தில் உங்கள் கடையிலேயே ஒரு சேலை வாங்குங்கள். பின் நம்பர் போட்டுப் பணம் கழிந்ததும் ஆப்பை மூடிவிட்டு டேட்டாவையும் அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வேறொரு போனில் ஆர்டர் பட்டியலைத் திறந்து, உங்கள் பெயர் ஒரே ஒரு முறை இருக்கிறதா என்று பாருங்கள்.