டைப்ஸ்கிரிப்ட்: ஓவர்ரைடு செய்யும் மெத்தடுக்கு டைப் தானாக வராது

டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டில் டைப்களை (மதிப்பு எந்த வகை என்பதை) சேர்த்துச் சரிபார்க்கும் மொழி. தாய் கிளாஸில் டைப் தெளிவாக இருந்தாலும், சேய் கிளாஸில் அதே மெத்தடை ஓவர்ரைடு செய்யும்போது (அதே பெயரில் மாற்றி எழுதும்போது) டைப்ஸ்கிரிப்ட் பாராமீட்டருக்கு, அதாவது மெத்தட் வாங்கும் மதிப்புக்கு, அதை எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டிரிக்ட் மோடில் (கடுமையான சரிபார்ப்பில்) பாராமீட்டருக்கு டைப் இல்லை என்று 7006 பிழை வரும். அந்த மோடு அணைந்திருந்தால் பாராமீட்டர் சத்தமில்லாமல் 'எனி' (எந்த மதிப்பும் செல்லும், சரிபார்ப்பு இல்லை) ஆகிவிடும்; இதுதான் மோசம்.

ரிட்டர்ன் டைப்பும் (மெத்தட் திருப்பித் தரும் மதிப்பின் டைப்) மெத்தடின் உடலிலிருந்தே கணிக்கப்படுகிறது. தாய் கிளாஸ் 'பயனர் அல்லது நல் (null, வெற்று மதிப்பு)' என்கிறது, சேய் எப்போதும் பயனரையே திருப்பித் தருகிறது என்றால், அங்கே டைப் வெறும் 'பயனர்' எனக் குறுகிவிடும். சேயிலிருந்து வரும் பேரன் கிளாஸ் நல் தந்தால், மேல் கிளாஸோடு டைப் பொருந்தவில்லை என்று 2416 பிழை. குற்றம் நடு கிளாஸில் (சேயில்), பிழை காட்டுவது கடைசியில்!

நான் சரிசெய்த விதம்: நடு கிளாஸில் ரிட்டர்ன் டைப்பைக் கையாலேயே எழுதினேன். பாராமீட்டர் பட்டியல் நீளமான இடங்களில் பாராமீட்டர்ஸ், ரிட்டர்ன்டைப் என்ற உள்ளமைந்த டைப்களால் தாய் மெத்தடிலிருந்தே எடுத்தேன். ஆனால் ஓவர்லோடு (ஒரே மெத்தடுக்குப் பல அழைப்பு வடிவங்கள்) இருந்தால் அவை கடைசி சிக்னேச்சரை, அதாவது கடைசி வடிவத்தை மட்டுமே பார்க்கும்.

மெத்தடை ஆரோ ஃபங்ஷன் ப்ராப்பர்ட்டியாக (ஃபங்ஷனை மதிப்பாக வைத்திருக்கும் கிளாஸ் உறுப்பாக) மாற்றி, தாய் மெத்தடின் டைப்பை அதற்குக் கொடுத்தால் பாராமீட்டர் டைப் வந்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை; பேரன் கிளாஸில் சூப்பர் (மேல் கிளாஸின் மெத்தடை அழைக்கும் சொல்) வழியாக அதை அழைக்க முடியாது.

4.3 பதிப்பில் வந்த 'நோஇம்ப்ளிசிட்ஓவர்ரைடு' அமைப்பையும் போட்டுவைத்தேன். அது ஓவர்ரைடு என்ற சொல்லைக் கட்டாயமாக்கும், தாய் மெத்தடின் பெயர் மாறினால் பிடித்துக்கொடுக்கும். டைப்பைக் கணித்துத் தராது.