பெயரில் 'வான்' இருந்தால் ஒல்லாந்தரா? குடும்பப் பெயரின் வேரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்துக்குள் போனால் முதலில் தரையைப் பாருங்கள். 1757-இல் வழிபாட்டுக்குத் திறந்த கட்டடம் அது. உள்ளே வரிசையாகக் கல்லறைக் கற்கள் பதித்திருப்பார்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813-இல் கொண்டுவந்த கற்களும் அவற்றில் உண்டு. ஒரு குலச்சின்னம், ஒல்லாந்த மொழியில் நாலைந்து வரி, ஒரு பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி. இந்த மாதிரிப் பெயர்கள் இன்றும் இலங்கையில் வழங்குகின்றன. அதைவிட அதிகமாக மெல்பர்னில் வழங்குகின்றன.

அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு பூர்வீகம் தேடுபவர்கள் நிறையப் பேர். யான்ஸ், வான் டோர்ட், வான் கைலென்பர்க், டி வோஸ் என்று பெயர் இருந்தால், "பாட்டனாருக்குப் பாட்டனார் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தவர், பெயரே சொல்கிறதே" என்று தொடங்குவார்கள். பெயர் அவ்வளவு தூரம் சொல்லாது. அதை யாரோ ஒரு குமாஸ்தா, ஏதோ ஒரு நாளில், தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார் என்பதைத்தான் அது உறுதியாகச் சொல்லும். மற்றதையெல்லாம் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'வான்' என்பது பட்டம் இல்லை

ஜெர்மன் மொழியில் பெயருக்கு முன் 'ஃபான்' வந்தால் பெரும்பாலும் பிரபுக் குடும்பம். ஒல்லாந்த 'வான்' அப்படி இல்லை. 'இருந்து' என்பதுதான் அதற்குப் பொருள். 'வான் டோர்ட்' என்றால் டோர்ட்ரெக்ட் நகரத்திலிருந்து வந்தவர், நம் ஊரில் 'தஞ்சாவூர்க்காரர்' என்கிற மாதிரி. 'வான் டெர்', 'வான் டென்' என்பவற்றில் கூடவே ஒரு சுட்டுச்சொல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தஞ்சாவூரிலேயே இருப்பவரை யாரும் தஞ்சாவூர்க்காரர் என்று கூப்பிட மாட்டார்கள். வேறு ஊருக்குப் போன பிறகுதான் அந்த அடைமொழி ஒட்டும். ஆகவே 'வான்' பெயர் காட்டுவது முன்னோர் விட்டுவந்த ஊரை. அவர் கப்பல் ஏறிய காலத்துக்கு நூறு, இருநூறு வருடம் முன்பே குடும்பம் அந்த ஊரை விட்டுப் போயிருக்கலாம். பெயரில் டோர்ட் இருக்கிறது என்று நேரே டோர்ட்ரெக்ட் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் மாதக்கணக்கில் பொழுது வீணாகலாம்.

அப்புறம், 'டி'. இலங்கையில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். டி வோஸில் இருக்கும் 'டி' ஒல்லாந்தச் சுட்டுச்சொல். வோஸ் என்றால் நரி. டி சில்வா, டி மெல், டி சொய்சா ஆகியவற்றில் இருப்பது போர்த்துக்கீச 'டி'. அதன் பொருள் வேறு, அது வந்த காலமும் வேறு. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656-இல், யாழ்ப்பாணத்தை 1658-இல். அதற்கு முன்பே போர்த்துக்கீசர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற சிங்களவரும் தமிழரும் இந்தப் பெயர்களை ஏற்றிருந்தார்கள். பின்னால் வந்த ஒல்லாந்த எழுத்தர்கள் அவற்றைத் தங்கள் வழக்கப்படி எழுதியதால் சில 'சில்வா'க்கள் 'சில்வ', 'ஸில்வா' என்று உருமாறி, பார்வைக்கு ஒல்லாந்தப் பெயர் போலவே ஆகிவிட்டன.

எழுத்துக்கோவையை வைத்துத் தேடுவது

யான்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஜான்ஸ் என்றுதான் சொல்வார்கள். ரோமன் எழுத்தில் எழுதும்போது கடைசியில் 'எஸ்', 'இசட்' இரண்டும் சேர்ந்து நிற்கும். அந்த இசட் ஏன் அங்கே இருக்கிறது? பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தச் சாமானியர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயர் யான் என்றால் மகன் 'யான்ஸ்ஸோன்', யானின் மகன். ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுத அலுத்துப்போன எழுத்தர் 'யான்ஸ்' என்று சுருக்கி, இசட்டுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி காலப்போக்கில் உதிர்ந்தது, சுருக்கம் அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. நெதர்லாந்திலேயே இருந்துவிட்டவர்களில் பெரும்பாலோர் யான்சன், யான்ஸன் ஆனார்கள். அங்கே கைவிடப்பட்ட ஓர் அலுவலகச் சுருக்கெழுத்து இங்கே இன்னும் ஒரு குடும்பத்தின் அடையாளமாக இருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

இதனால் தேடுபவருக்கு வரும் சிக்கல் பெரிது. ஒரு தலைமுறை முன்னால் போனால் அந்த யான்ஸின் தகப்பன் யான்ஸ் இல்லை. யான் பீட்டர்ஸ், யான் ஹென்ட்ரிக்ஸ் என்று வேறு ஏதாவதாக இருப்பார். ஒரே பெயர் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு ஒரு சொட்டு உறவும் இருக்க வேண்டியதில்லை. தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் பூர்வீகம் தேடும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

புலம்பெயர்ந்த பெயர்கள் பழைய எழுத்துக்கோவையைக் கைவிடாமல் வைத்திருக்கும். வான் கைலென்பர்க்கின் ஊர் இன்றைய வரைபடத்தில் கூலெம்போர்க். வான் டைக் என்ற பெயர் நெதர்லாந்தில் 'ஐ', 'ஜே' இரண்டையும் சேர்த்து எழுதப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் அந்த இடத்தில் ஒற்றை 'ஒய்' வரும். அமெரிக்காவில் கூடவே ஒரு 'ஈ'யும் ஒட்டிக்கொள்ளும். அகரவரிசையும் மாறும். நெதர்லாந்தில் வான் டோர்ட்டை 'டி' எழுத்தின் கீழ்தான் தேட வேண்டும், முன்னொட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் 'வி'யின் கீழ். "பட்டியலில் எங்கள் பெயரே இல்லை" என்று திரும்பிவந்தவர்களில் பலர் தப்பான பக்கத்தைப் பார்த்தவர்கள்.

நெப்போலியன் கதை

குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று 1811 ஆகஸ்ட் 18-இல் நெப்போலியன் ஆணையிட்டான், ஒல்லாந்தர்கள் அவனைக் கேலி செய்யக் கோமாளிப் பெயர்களாகப் பதிந்தார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆணை உண்மை. ஆனால் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே குடும்பப் பெயர் இருந்தது. ஃப்ரீஸ்லாந்து போன்ற வடபகுதிகளில்தான் புதிதாகப் பதிந்தவர்கள் அதிகம். 'அம்மணமாய்ப் பிறந்தவர்' என்று பொருள்படும் நாக்ட்கெபோரன் என்ற பெயரைத்தான் எல்லாரும் உதாரணமாகக் காட்டுவார்கள். அதுவும் 1811-க்கு முந்தைய ஆவணங்களிலேயே இருக்கிறது. தகப்பன் இறந்த பின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் திரிபு என்று விளக்கம் சொல்கிறார்கள்.

இலங்கைப் பெயர்களுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். 1796-இலேயே கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஒல்லாந்தர் காலத்தில் வந்துசேர்ந்த குடும்பத்தின் பெயரில் நெப்போலியனுக்கு என்ன வேலை?

பெயர் ஒல்லாந்தம், ஆள்?

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இருநூறு வருடத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேரை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. அவ்வளவு ஆளுக்கு நெதர்லாந்து போதாது. ஜெர்மன் நாடுகள், ஸ்காண்டிநேவியா, பிளாண்டர்ஸ், பிரான்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் எடுத்தார்கள். எழுத்தர் ஒல்லாந்தர். ஆகவே எல்லாருடைய பெயரும் ஊரும் ஒல்லாந்த உருவத்தில் ஏட்டில் ஏறின. டிரான்ஸ்வால் என்ற பழைய தென்னாப்பிரிக்கக் குடியரசின் தலைவராக இருந்த பால் க்ரூகரின் முன்னோர், 1713-இல் கம்பனி வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கு வந்த யாக்கோப் க்ரூகர், பெர்லின்காரர். கொழும்பில் புகழ்பெற்ற வழக்கறிஞராகவும் பத்திரிகையாசிரியராகவும் இருந்த சார்லஸ் அம்புரோஸ் லொரென்ஸின் (1829–1871) தகப்பனார் ஜெர்மானியர். இலங்கையில் ஐரோப்பிய வழிவந்த சமூகமான பறங்கியரின் வரலாற்றை ஆயுள் முழுக்க எழுதிய ஆர். எல். புரோஹியரின் குடும்பப் பெயர் பிரெஞ்சு.

ஒண்டாட்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாட்ஜியால் உலகம் அறிந்த பெயர். ரோமன் எழுத்தில் பார்த்தால் கடைசியில் வரும் ஈறு ஒல்லாந்த மொழியில் சிறுமையைக் குறிக்கும் விகுதி போலவே இருக்கும். அசல் ஒல்லாந்தப் பெயர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் இந்தக் குடும்பத்தின் மூலவர் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியிலிருந்து கொழும்புக்குப் போன தமிழ் வைத்தியர். தமிழ்ப் பெயர் ஒல்லாந்த எழுத்துக்கோவைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் குடும்பத்தில் 1758-இல் கொழும்பில் பிறந்த பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாட்ஜி, படிக்க நெதர்லாந்து போய், 1780-களில் உட்ரெக்ட் நகரத்தில் ஆரஞ்சு இளவரசரின் ஆதரவாளர்களுக்கு எதிரான 'தேசபக்தர்' இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1818-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தார். பெயரின் ஓசையை மட்டும் நம்பியவர் இந்த வரலாற்றைத் தலைகீழாகத்தான் படித்திருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேப் குடியேற்றத்தின் ஏடுகளில் 'வான் பெங்காலென்', 'வான் மலபார்', 'வான் டி குஸ்ட்' என்று பெயர்கள் வரும். வங்காளத்திலிருந்து, மலபாரிலிருந்து, கரையிலிருந்து. 'கரை' என்று மொட்டையாகச் சொன்னால் சோழமண்டலக் கரை. இவை குடும்பப் பெயர்கள் அல்ல. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, சொந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டு, வாங்கிய இடத்தைப் பெயராக ஒட்டியது. அங்கேலா வான் பெங்காலென் என்ற பெண் 1660-களில் விடுதலை பெற்று, ஆர்னோல்டஸ் பாசோன் என்பவரை மணந்தார். இன்று பாசோன் என்ற பெயருள்ள பல தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்கு அவர்தான் மூதாய். 'வான்' என்றதும் கோட்டையும் குதிரையும் நினைவுக்கு வருபவர்கள் அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நினைக்கட்டும்.

எண்ணிக்கை அதிகமுள்ள இடம்தான் பிறப்பிடமா?

பெயரைத் தட்டினால் உலக வரைபடத்தில் வண்ணம் காட்டும் தளங்கள் இப்போது நிறைய. அடர்த்தியாகச் சிவந்திருக்கும் இடத்தைப் பூர்வீகம் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. வான் டெர் மெர்வே என்ற பெயர் டோர்ட்ரெக்ட் பக்கம் ஓடும் மெர்வேடே ஆற்றோடு தொடர்புள்ளது. நெதர்லாந்தில் அது அரிது. தென்னாப்பிரிக்காவிலோ தெருவுக்குத் தெரு. காரணம், 1660-களின் தொடக்கத்தில் கேப்புக்கு வந்த வில்லெம் ஸ்கால்க் வான் டெர் மெர்வே என்ற ஒருவரின் வம்சம் அங்கே பெருகியது. ஆரம்பத்தில் குடியேறியவர்கள் கொஞ்சம் பேர், பிள்ளைகள் நிறைய; அப்படி ஒரு பெயர் ஒரு நாட்டையே நிரப்பிவிடும்.

இலங்கைப் பெயர்களில் நடந்தது வேறு. 2012 கணக்கெடுப்பில் பறங்கியர் மொத்தம் சுமார் 38,000 பேர்தான். அவர்களிலும் மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் போர்த்துக்கீச வழியினர். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு ஒல்லாந்தப் பறங்கியர் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். இந்தப் பெயர்கள் மெல்பர்னில் குவிந்திருப்பது அதனால்தான். நெதர்லாந்திலிருந்து இரண்டாம் உலகப் போரின் பின் நேரே ஆஸ்திரேலியா போனவர்களும் அதே பெயர்களோடு அதே நகரத்தில் இருக்கிறார்கள். வரைபடத்துக்கு இரண்டும் ஒரே புள்ளிதான்.

நெதர்லாந்துக்குள் பெயர்ப் பரவலைப் பார்க்க வேண்டுமானால் அங்குள்ள குடும்பப் பெயர்க் களஞ்சியம் நல்லது. 1947, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் ஊர்வாரியாக வரைபடம் காட்டும். 1947-ஐப் பாருங்கள். அப்போது மக்கள் இன்றைக்குப் போல இடம் மாறியிருக்கவில்லை.

அச்சான வம்சாவளியை அப்படியே நம்புவது

ஒல்லாந்தப் பறங்கியரின் சங்கமான டச்சு பேர்கர் யூனியன் 1908-இல் தொடங்கியது. அதன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி வெளியானது. பெரிய உழைப்பு, அது இல்லாவிட்டால் பாதிக் குடும்பங்களின் கதை தொலைந்திருக்கும். ஆனால் சங்கத்தில் சேரத் தகுதி, கம்பனிக் காலத்து ஐரோப்பியர் ஒருவரின் ஆண்வழி வாரிசாக இருப்பது. ஆகவே வம்சாவளியும் ஆண்வழியே ஓடும். பிற்காலத்தில், வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை நடப்பில் இருந்தபோது, ஐரோப்பிய வம்சம் என்று காட்ட இந்தத் தாள்கள் கைகொடுத்தன. அப்படிப்பட்ட நெருக்கடிக்குள் எந்தப் பாட்டியின் பெயர் முன்னே வரும், எந்தப் பாட்டியின் பெயர் வராது என்று யோசித்துக்கொள்ளுங்கள். கம்பனிச் சிப்பாய்கள் மணந்தது பெரும்பாலும் இங்கே பிறந்த பெண்களை. அவர்கள் போர்த்துக்கீச வழியினர், சிங்களவர், தமிழர்.

கடையில் விற்கும் 'உங்கள் குடும்பக் குலச்சின்னம்' பற்றி ஒரு வார்த்தை போதும்: சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. வாங்காதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து. அங்கிருந்து ஒரு தலைமுறை பின்னால், இன்னொன்று பின்னால். ஹாலந்திலிருந்து முன்னோக்கி வராதீர்கள். ஒல்லாந்தர் கால இலங்கைக்குத் தோம்புகள் என்ற பதிவேடுகள் இருக்கின்றன. காணித்தோம்பும் ஆள்களைப் பதிந்த தோம்பும் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. கப்பல் சம்பளப் பேரேடுகள் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இணையத்தில் தேடலாம். ஒவ்வொரு பதிவிலும் ஆளின் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கும். அது ஜெர்மன் ஊராக இருந்தால் ஒல்லாந்த உச்சரிப்பில் சிதைந்திருக்கும், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலங்கையில் ஆள் அகப்படாவிட்டால் உடனே ஐரோப்பாவுக்குப் பாயாதீர்கள். நாகப்பட்டினம், பழவேற்காடு, கொச்சி, பத்தாவியா என்று கம்பனி ஆள்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது.

பேரேட்டில் இன்னொரு விஷயமும் பாருங்கள். கப்பல் ஏறுபவர் தன் சம்பளத்தில் ஆண்டுக்கு மூன்று மாதப் பங்கை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவைக்கலாம். எழுதியிருந்தால் யாருக்கு என்று குறிப்பு இருக்கும். மனைவிக்கு, அல்லது அம்மாவுக்கு. வம்சாவளியில் விடுபட்டுப்போன ஒரு பெண்ணின் பெயர் அங்கே கிடைக்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் சாட்சிகளாக நிற்பவர்களின் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். தாயின் வீட்டார் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருப்பார்கள்.