வரைபடத்தில் கிளிக் செய்த இடம் எந்த நாடு?

இணைய வரைபடத்தில் ஒருவர் எங்கோ கிளிக் செய்கிறார். அது எந்த நாடு என்று உடனே காட்ட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கிளிக் விழுந்த அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு சர்வருக்கு அனுப்பிக் கேட்கலாம். அல்லது நாடுகளின் எல்லைத் தரவை பிரவுசரிலேயே வைத்துக்கொண்டு, புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று நாமே கணக்குப் போடலாம்.

முதல் வழிக்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் இடம் தேடும் சேவையான நாமினாட்டிம் போதும். ரிவர்ஸ் கோரிக்கையில் (ஆயத்தொலைவைக் கொடுத்து இடப்பெயரைக் கேட்பது) ஜூம் மதிப்பை 3 என்று கொடுத்தால் தெரு, ஊர் என்று இறங்காமல் நாட்டோடு நின்றுவிடும். மொழியாகத் தமிழைக் கேட்டால், தமிழ்ப் பெயர் பதிவாகியிருக்கும் நாடுகளுக்குத் தமிழிலேயே பதில் வரும். ஆனால் பொது சர்வரில் நொடிக்கு ஒரு கோரிக்கைதான் உச்சவரம்பு; அதுவும் ஒரு ஆளுக்கு இல்லை, உங்கள் செயலி முழுவதற்கும் சேர்த்து. இன்னொன்று: அங்கே நாட்டின் எல்லை கரையோடு முடிவதில்லை, 12 கடல் மைல் வரை கடலுக்குள் போகும். மெரினாவிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் கிளிக் செய்தாலும் இந்தியா என்றே பதில் வரும். அதற்கும் அப்பால் போனால் நாட்டின் பெயருக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வரும். அதைக் 'கடல்' என்று காட்ட நிரலில் இடம் வையுங்கள்.

நாடு மட்டும்தான் தேவை என்றால் இரண்டாவது வழியே நல்லது. பதில் உடனே கிடைக்கும், கோரிக்கை வரம்பும் கிடையாது. எல்லைத் தரவுக்கு நேச்சுரல் எர்த் என்ற வரைபடத் தரவுத் தளத்துக்குப் போங்கள். காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத பொதுச் சொத்து, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதில் மூன்று அளவுகள் உண்டு: 1:11 கோடி, 1:5 கோடி, 1:1 கோடி. எண் பெரிதானால் விவரம் குறையும். கோப்பு சின்னதாக இருக்கிறதே என்று பலரும் 11 கோடியை எடுத்துவிடுகிறார்கள். அதில் இருப்பதே 177 நாடுகள்தான். சிங்கப்பூர் இல்லை, மாலத்தீவு இல்லை, மால்டா இல்லை. தனுஷ்கோடியில் கிளிக் செய்தால் கடல் என்று வரும். ஒரு கோடி அளவுக் கோப்போ ஜியோஜேசனாக (இணைய வரைபடங்கள் படிக்கும் கோப்பு வடிவம்) மாற்றினால் பத்து எம்பியைத் தாண்டிவிடும், கைபேசிக்குத் தாங்காது. நடுவில் உள்ள 5 கோடியில் தொடங்குங்கள்.

கோப்பை, வரைபடக் கோப்புகளைத் திருத்த உதவும் மேப்ஷேப்பர் தளத்தில் இழுத்துப் போட்டு, அதன் அட்டவணையில் நாட்டுக் குறியீடு, பெயர் தவிர மற்ற பத்திகளை நீக்கிவிட்டு ஜியோஜேசனாக ஏற்றுமதி செய்யுங்கள். ஆயத்தொலைவுகளில் நான்கு தசம இடங்கள் போதும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 11 மீட்டர் துல்லியம். எல்லைக்கோட்டின் புள்ளிகளைக் குறைத்து எளிமையாக்குவதையும் அங்கேயே செய்யுங்கள். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக எளிமையாக்கினால் பொது எல்லை இரண்டு பக்கமும் வெவ்வேறாக வளைந்து, இடையில் யாருக்கும் சொந்தமில்லாத மெல்லிய கீற்றுகள் உண்டாகும். மேப்ஷேப்பர் பொது எல்லையை ஒரே கோடாக நடத்துவதால் இந்தத் தொல்லை வராது. சிறிய வடிவங்களைத் தக்கவைக்கும் தெரிவையும் டிக் செய்யுங்கள், இல்லையென்றால் தீவு நாடுகள் காணாமல் போகும்.

குறியீட்டுப் பத்தியில் ஒரு பொறி இருக்கிறது. ஐஎஸ்ஓ ஈரெழுத்துப் பத்தியில் பிரான்சுக்கும் நார்வேக்கும் குறியீட்டுக்குப் பதில் -99 என்று இருக்கும். பெயரின் இறுதியில் 'ஈஎச்' (EH) என்று முடியும் இன்னொரு பத்தியில் சரியான குறியீடு உண்டு, அதை எடுங்கள். தமிழ்ப் பெயர்ப் பத்தி இந்தத் தரவில் இல்லை. கையால் தட்டச்சு செய்ய உட்கார வேண்டாம்: பிரவுசரின் இன்டல் டிஸ்ப்ளேநேம்ஸ் (Intl.DisplayNames) வசதிக்குத் தமிழ் மொழியும் ஈரெழுத்துக் குறியீடும் கொடுத்தால் 'இலங்கை' என்று அதுவே சொல்லிவிடும்.

இனி கணக்கு. புள்ளியிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கோடு இழுத்து, அது எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. டர்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இதற்கான செயல்பாடு தயாராக இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் அது முழுதாக அடங்கும் சுற்றுச் செவ்வகத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, புள்ளி அதற்குள் விழுந்தால் மட்டும் முழுக் கணக்குக்குப் போங்கள்.

பிழை பெரும்பாலும் வரிசையில்தான் வரும். வரைபடத்தைப் பிரவுசரில் காட்டும் லீஃப்லெட் நூலகம் அட்சரேகையை முதலில் தரும். ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கும். சென்னை 13.08, 80.27. மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்பீர்கள். எங்கே தொட்டாலும் கடல், அல்லது சம்பந்தமில்லாத நாடு என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்தது, பயனர் வரைபடத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனால் உலகம் மறுபடியும் வரும். அப்போது சென்னையின் தீர்க்கரேகை 440.27 ஆகிவிடும். கணக்குக்கு முன் லீஃப்லெட்டின் ராப் செயல்பாட்டால் அதை -180க்கும் 180க்கும் இடையே கொண்டுவாருங்கள்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒரு நாட்டின் முதல் துண்டை மட்டும் பார்த்தால் அந்தமான் இந்தியாவில் இருக்காது. வெளி வளையத்தை மட்டும் பார்த்து உள்ளே உள்ள ஓட்டையை விட்டுவிட்டால், தென்னாப்பிரிக்கா சூழ்ந்த லெசோத்தோவில் தொட்டதற்குத் தென்னாப்பிரிக்கா என்று வரும்.

தரவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விரலுக்கு அது தெரியாது. ஜூம் 2இல் ஒரு பிக்சல் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 39 கிலோமீட்டர். சிங்கப்பூர் முழுவதும் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதை யாராலும் சரியாகத் தொட முடியாது. சிறிய நாடுகளுக்கு எட்டுப் பத்து பிக்சல் ஆரத்தில் ஒரு வட்டம் வைத்து, எல்லைக் கணக்குக்கு முன் அதைச் சோதியுங்கள். நேச்சுரல் எர்த்தில் சின்னஞ்சிறு நாடுகளுக்கென்றே புள்ளிக் கோப்பு ஒன்று இருக்கிறது. ஜூம் 6ஐத் தாண்டினால் வட்டத்தை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள மலேசியாவின் ஜோகூரும் சிங்கப்பூர் ஆகிவிடும்.

எல்லைத் தகராறு உள்ள இடங்களில் நேச்சுரல் எர்த் பொதுவாக யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்களுக்குக் கொடுக்கும். இந்தியப் பயனர்களுக்கு அப்படியே வெளியிடாதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருந்தாத வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரியது. ஒரு கோடி அளவில் இந்திய நிலைப்பாட்டுக் கோப்பு தனியாகக் கிடைக்கிறது. அதை எடுத்து எளிமையாக்கி, துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தரவையும் நம்ப வேண்டாம்: தெற்கு சூடான் பிறந்தது 2011இல், இந்தியாவும் வங்கதேசமும் கூச் பெஹார் திட்டுகளை (ஒரு நாட்டுக்குள் சிக்கிய மற்ற நாட்டின் நிலத்துண்டுகள்) மாற்றிக்கொண்டது 2015இல்.

வெளியிடும் முன் நான்கு புள்ளிகளைச் சோதியுங்கள், அட்சரேகை முதலில். -29.6, 28.2 லெசோத்தோ. 66, -172 ரஷ்யா. தேதிக்கோட்டைத் தாண்டிய துண்டு இது. 13.08, 440.27 இந்தியா. 4, -53 பிரெஞ்சு கயானா. 'நாடுகள்' கோப்பில் இதற்கு பிரான்ஸ் என்றே வரும். தனியாகக் காட்ட விரும்பினால் 'மேப் யூனிட்ஸ்' கோப்புக்கு மாறுங்கள்.