ஸ்கேல் பயிற்சிக்கு எந்த கீ சிக்னேச்சர் வைப்பது?

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் புது ஸ்கோர் திறக்கும்போதே கீ சிக்னேச்சர் கேட்கும், அதாவது எந்தெந்தச் சுரம் ஷார்ப் (அரைச் சுரம் மேலே), எது ஃபிளாட் (அரைச் சுரம் கீழே) என்று வரியின் தொடக்கத்திலேயே காட்டும் குறிகள். கிட்டார்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதைக் கண்டுகொள்ளாமல் சி மேஜரிலேயே விட்டுவிட்டு, டேபில் (கம்பிகளைக் கோடுகளாகக் காட்டும் கிட்டார் குறிப்பு) ஃப்ரெட் எண்களை அடிக்கத் தொடங்கிவிடுவோம். சத்தம் சரியாகத்தான் வரும், ஸ்டாஃபை, அதாவது ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்தால்தான் குழப்பம். டி ஃபிளாட் மேஜரை அப்படி அடித்துப் பாருங்கள், எஃப்புக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் எஃப் ஷார்ப் வந்து நிற்கும். அங்கே இருக்க வேண்டியது அதே சத்தம் தரும் ஜி ஃபிளாட். ஏழு சுர ஸ்கேலில் ஏழு எழுத்தும் ஒவ்வொரு தடவைதான் வரணும், ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் கீ தப்பு என்று அர்த்தம். 5 ஃபிளாட் உள்ள கீயை முதலில் வைத்துவிட்டு அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

மேஜருக்கு யோசிக்கவே வேண்டாம், ஸ்கேல் பெயர்தான் கீ. மைனர் என்றால் ரூட்டிலிருந்து (ஸ்கேலின் முதல் சுரம்) அதே கம்பியில் 3 ஃப்ரெட் மேலே போங்கள். ஆறாம் கம்பியில் 5வது ஃப்ரெட் ஏ, 8வது சி. ஆக ஏ மைனருக்கு சி மேஜரின் சிக்னேச்சர், ஷார்ப்பும் இல்லை ஃபிளாட்டும் இல்லை. ஐந்து சுரம் மட்டும் உள்ள ஏ மைனர் பென்டடோனிக்குக்கும் அதேதான்.

மோடுகளில்தான் (ஒரு ஸ்கேலின் சுரங்களையே வேறொரு சுரத்திலிருந்து தொடங்கினால் வருபவை) பலர் தடுமாறுகிறார்கள். ஏ டோரியன், அதாவது நம்ம கரகரப்பிரியா, ஜி மேஜரின் அதே ஏழு சுரங்கள்தான் (கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது பழைய சங்கதி), அதனால் ஒரே ஒரு ஷார்ப் உள்ள ஜி கீயை வையுங்கள். ஏ மைனர் கீயை வைத்தால் ஒவ்வொரு எஃப்புக்கும் தனியாக ஷார்ப் தொங்கும். ஹார்மோனிக் மைனருக்கு, கீரவாணிக்கு, வேறு வழியில்லை: மைனர் கீயை வைத்து ஏழாம் சுரத்துக்கு மட்டும் அரைச் சுரம் ஏற்றும் குறியை (ஏ மைனரில் ஜி ஷார்ப்) தனியே போடுங்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இன்னொன்று. எழுதி முடித்த ஸ்கேல் மேல் வேறு கீ சிக்னேச்சரை இழுத்துப் போட்டால் சுருதி மாறாது, ஷார்ப் ஃபிளாட் குறிகள்தான் இடம் மாறும். ஸ்கேலையே நகர்த்தணும் என்றால் டிரான்ஸ்போஸ் இருக்கிறது.

எந்தக் கீயில் ஆரம்பிப்பது? ஜி, டி, ஏ, இ. நான்குமே திறந்த கம்பிகளின் சுரங்கள், கைக்குச் சுலபம். அது பழகியதும் பி ஃபிளாட், இ ஃபிளாட் பக்கம் போய்விடுங்கள், சாக்ஸபோன்காரரோடு வாசிக்கும் நாளில் அவர் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.